தம்பிக்குப் போகாத செய்தி

எங்கள் ஊரில் ஒருவர் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிடும். தெருவில் இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் எங்கள் தெரு ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் தெருவில் எங்கே இருக்கிறார்கள்? தம்மாமிலும் துபாயிலும் கத்தாரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஜமாத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஜும்ஆ முபாரக் படம், மனை விற்பனை, தேர்தல் சண்டை எல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு மவுத்துச் செய்தி வந்தால் யார் கண்ணில் படும்? முக்கால்வாசிப் பேர் அதன் சத்தத்தை அடைத்தே வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒருவர், தன் பெரியவாப்பாவை ஊரில் அடக்கம் செய்து பல நாளான பிறகு, வீட்டுக்குப் போன் போட்டு, "பெரியவாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஜமாத் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உறவில்லை என்றாலும் எனக்கு மாமா முறை.

"ஏம்மா, நீ மாடியில உக்காந்து கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றியே, இதுக்கும் ஒரு வழி பண்ணிக் குடேன்" என்றார்.

அந்த 'என்னமோ' எனக்குச் சுருக்கென்றது. ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே ஜாவா எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எங்கள் பக்கம் கல்யாணமானாலும் பெண் வாப்பா வீட்டில்தான் இருப்பாள். அதனால் நான் சும்மா இருக்கிறேன் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. இருக்கட்டும், காட்டுகிறேன் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

வேலை சின்னதுதான். ஜமாத் அலுவலகத்தில் செய்தியைப் போனில் தட்டுவார்கள். அது நேராக யாருக்கும் போகாது. ஒரு வரிசையில் வந்து விழும். கியூ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அந்தக் கியூவைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, அதுவே அடிக்கடி போய் "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்கும். எனக்கு அது ஆகாது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, முதுகுளத்தூர் வண்டி வந்துச்சா என்று எல்லோரையும் பிடுங்கி எடுக்கும் ஆளைப் பார்த்த மாதிரி எரிச்சல் வரும். இன்னொன்று, புரோகிராம் பேசாமல் தூங்கும். செய்தி வந்து விழுந்ததும் கியூவே அதை எழுப்பும். எழுந்து செய்தியைப் படித்து, உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பி, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போகும். முடிந்தது என்று அது சொல்லும்வரை கியூ அந்தச் செய்தியைக் கை விடாது. நான் எழுதியது இந்த இரண்டாவது விதம்.

சோதித்துப் பார்க்கும் நாளில் மாமா, "என் பேரயே போட்டு அனுப்பும்மா, எவன் எவன் அழுவுறான்னு பாப்போம்" என்றார். நல்ல கூத்து என்று மறுத்துவிட்டு, "நாளை தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்" என்று ஒரு செய்தியை விட்டோம். அடுத்த நொடியே தம்மாமிலிருந்து என் தம்பி கூப்பிட்டான்.

"ஏன் லாத்தா, நான் இங்கனருந்து குடத்தத் தூக்கிட்டு வரவா?"

அவன் அங்கே டிரெய்லர் ஓட்டுகிறான். தம்மாமுக்கும் ரியாத்துக்கும் நடுவே, ஒரு தெரு நீளத்துக்கு ஒரு வண்டி. வாயும் அந்த அளவுக்கு நீளம். அவன்தான் ஜமாத் நம்பருக்கென்று தனிச் சத்தம் ஒன்றை வைக்கலாம் என்று ஆரம்பித்தான். விளம்பரத்தோடு விளம்பரமாகப் போய்விடாமல் இருக்க, பழைய சைக்கிள் மணிச் சத்தம். அவனைப் பார்த்து அங்கே இருக்கும் நம்மூர் ஆட்கள் எல்லோரும் அதையே வைத்துக்கொண்டார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வாப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவும் வாலிபத்தில் ஜித்தாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். அன்று சாயங்காலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்கள்.

"யாருக்குப் போகணும்னு நீதானே எழுதியிருக்க? ஒரு ஆளுக்குப் போவ வேணாம்னு எழுதினா, கேக்குமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் முடிச்சப்புறம் வந்து கேட்டா எப்படி வாப்பா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" ஆபீசில் பேசிப் பேசி வந்த பழக்கம் இது. வாப்பாவிடமும் அதே குரல்தான் வந்தது.

அவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "எங்க வாப்பா மவுத்தானப்ப நான் ஜித்தாவுல சாரத்து மேல நின்னுக்கிட்டிருந்தேன். தந்தி வந்திருக்கு. கீழருந்து ஒருத்தன், நல்ல மனுசன்தான், 'ஓங்க வாப்பா மவுத்தாம்'னு கத்திச் சொல்றான். கை கால் ஓடல. பைப்பப் புடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னுட்டேன். ரெண்டு பேரு ஏறி வந்து, விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எறக்குனாங்க."

இதை அவர்கள் அதற்கு முன் சொன்னதே இல்லை. உம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"தம்பி வண்டி ஓட்டுறவன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது அது அவனுக்கு வரக்கூடாதும்மா. வண்டிய நிறுத்தணும், பக்கத்துல ஒரு ஆளு உக்காரணும், அப்புறந்தான் சொல்லணும்."

"இது என்ன பேச்சு வாப்பா, நல்லதாப் பேசுங்க" என்று சத்தம் போட்டுவிட்டு மாடிக்கு வந்தேன். படிக்கட்டிலேயே அழுதேன். அழுதபடியே உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் மவுத்து என்று சொல்லமாட்டார்கள். "வாப்பாவுக்குக் கொஞ்சம் முடியல" என்பார்கள். கூட இருப்பவனுக்குத் தனியாக விஷயத்தைச் சொல்லி, அவன் வழியாக மெல்லப் பேச வைப்பார்கள். இவ்வளவும் தெரிந்த நான்தான், வந்தது வந்தபடி எல்லோருக்கும் வீசுகிற மாதிரி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவதாக ஒரு கியூ வைத்தேன். மவுத்துச் செய்தி வந்ததும் புரோகிராம் எழும். உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான செய்தியை மட்டும் இரண்டாவது கியூவில் போட்டு நிறுத்தும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகு, வீட்டிலிருந்து "சொல்லியாச்சு" என்று ஒரு செய்தி வரவேண்டும். அது வந்து எழுப்பினால்தான் நிறுத்தி வைத்தது அவர்களுக்குப் போகும். வாப்பாவிடம் ஓட்டிக் காட்டினேன். திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். "போதும்மா" என்றார்கள்.

அதன்பின் தெருவில் சில மவுத்துகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் அது சொன்னபடி கேட்டது. மாமா என் வேலையை 'என்னமோ' என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

வாப்பாவுக்கு ஒரு காலை நெஞ்சை அடைத்தது. காரில் ராமநாதபுரத்துக்குக் கிளம்பினோம். திருப்புல்லாணி தாண்டும்போது என் மடியில் இருந்த தலை கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொண்டுபோங்கள் என்றார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பிக்குச் சொல்லியாச்சாம்மா?"

"இல்ல மாமா, வண்டியில இருக்கான். அவன் ரூம்ல இருக்குற மாமி மகன் மச்சான்கிட்ட சொல்லியிருக்கு. சாயங்காலம் தம்பி வந்து எறங்குனதும் அவுங்க சொல்லுவாங்க."

"அப்ப ஜமாத் செய்தி? அஸர் தொழுகைக்கு அடக்கம், ஊருக்குச் சொல்லணுமே."

"அனுப்புங்க மாமா. அவனுக்குப் போகாது."

அனுப்பினார். அந்த வீட்டில் அப்போது நான் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுவாகத்தான் தோன்றியது. மாடிக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். எல்லோருக்கும் போயிருந்தது. இரண்டாவது கியூவில் ஒரே ஒரு செய்தி நின்றது. இன்ன தெரு, மர்ஹூம் இன்னாரின் மகனும், இன்னாரின் தகப்பனாருமான என்று ஆரம்பிக்கும் அதே வழக்கமான வரிகள்தான். தகப்பனார் என்ற இடத்துக்கு முன்னால் தம்பி பெயரும் என் பெயரும் இருந்தன. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தம்பி. அங்கே அது காலைப் பசியாறும் நேரம். எப்போதும் கூப்பிடுகிற நேரம்தான். கீழே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அது அவன் காதில் விழக்கூடாதென்று மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காற்றுப் படாத பக்கமாக உட்கார்ந்து எடுத்தேன்.

"லாத்தா, வாப்பாட்ட குடு."

"தூங்குறாங்கடா."

"பசியாறுனாங்களா?"

"ம்... கஞ்சி குடிச்சாங்க. குடிச்சுட்டுப் படுத்தாங்க."

அவன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. அப்பாடா, நிறுத்தித்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"சரி லாத்தா, தூங்கட்டும். எழுப்பாத" என்று சொல்லி வைத்துவிட்டான்.

உம்மா கூப்பிட்டு ஆள் அனுப்பிய பிறகுதான் கீழே இறங்கினேன். பாவி, வாப்பா முகத்தைப் பார்க்க வேண்டியவனிடம் கஞ்சிக் கதை சொல்கிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், வாப்பா கேட்டதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அஸர் வரை தாக்குப்பிடித்தேன்.

அடக்கம் முடிந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு மச்சான் கூப்பிட்டார். "சொல்லியாச்சும்மா" என்றார். நான் மாடிக்குப் போய் அந்த ஒரு சொல்லை அனுப்பினேன். அது போய் எழுப்ப, நின்றிருந்த செய்தி தம்பிக்குப் போனது. கியூ காலியானது.

அவனுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து, நோன்புக்கு முந்தித்தான் வந்தான். வந்த அன்றே வாப்பாவை அடக்கிய கபுறடிக்குப் போய்விட்டு வந்தான். பிறகு மாடிக்கு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வாப்பா சாரத்தில் நின்றதை, எனக்குப் போட்ட வேலையை, எல்லாம் சொன்னேன். இரண்டாவது கியூவைத் திறந்தும் காட்டினேன். "இங்கனதான்டா ஒன்னோட செய்திய நிறுத்தி வச்சிருந்தேன். நீ வண்டிய விட்டு எறங்குற வரைக்கும் ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு."

அவன் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் லாத்தா."

"எப்படா?"

"ரோட்டோர மெஸ்ஸுல பசியாறிக்கிட்டிருந்தோம். நம்மூர் டிரைவருக மூணு பேரு, நான் ஒருத்தன். ஒரே டேபிள். மூணு போன்லயும் ஒரே நேரத்துல சைக்கிள் மணி அடிச்சுச்சு. என் போன்ல மட்டும் அடிக்கல. மூணு பேரும் போனப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க."

இத்தனை எழுதினேனே, இதை நினைக்கவில்லையே.

"யாரும் ஒரு வார்த்த சொல்லல. ஒருத்தரு எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்து, டேபிள்ல இருந்த வண்டிச் சாவிய எடுத்துத் தன் பையில போட்டுக்கிட்டாரு. அன்னைக்கு நான் வண்டி ஓட்டல லாத்தா. வாப்பா சொன்ன மாதிரிதான் நடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரிய வேணாம்னு நான்தான் மச்சான்கிட்ட சொல்லி வச்சேன்."

"அப்புறம் எதுக்குடா எனக்குப் போன் போட்ட? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வாப்பாட்ட குடுன்னு ஏன் கேட்ட?" கத்தியே விட்டேன்.

அவன் ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாங்க லாத்தா. வாப்பா தூங்குறாங்கன்னு ஒருத்தராச்சும் சொல்லணும்போல இருந்துச்சு. நீ சொல்லுவேன்னு தெரியும்."