ஐந்து கால் இலைப்பூச்சி

என் அம்மாவின் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாசல் தோரணத்தில் வாடித் தொங்கும் மாவிலையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் இலையைப் பார்ப்பதில்லை, விரல்தான் பார்க்கும். எது கொழுந்து, எது முத்தல் என்று தொட்டவுடன் அதற்குத் தெரியும். கிள்ளிய கை தானாகவே தோளுக்குப் பின்னால் போய், முதுகில் தொங்கும் பையில் இலையைப் போட்டுவிட்டுத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கீரை ஆயும்போதும் அம்மா காம்புகளைத் தோளுக்குப் பின்னால்தான் எறிவார். பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் என் தலையில் வந்து விழும்.

அந்தக் கை செய்த ஒரு காரியத்தால் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் மானம் போக இருந்தது. போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிடும், அதை மறைத்துவைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிற்றுயிர்கள் எல்லாம் இரண்டே கட்சி. அட்டை, பூரான், குளவி எல்லாம் கடிக்கிற கட்சி. தும்பி, வண்ணத்துப்பூச்சி, மண்புழு எல்லாம் கடிக்காத கட்சி. இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. புதிதாக வந்த விஞ்ஞான டீச்சர் ஒரே பாடத்தில் இதைத் தலைகீழாக்கிவிட்டார். ஆறு கால் இருந்தால் பூச்சி. எட்டுக் கால் இருந்தால் சிலந்தியின் கூட்டம். அட்டைக்குக் காலே கிடையாது, அது மண்புழுவுக்குச் சொந்தக்காரன். இதைக் கேட்டதிலிருந்து மண்புழுமேல் எனக்கு இருந்த மரியாதையே போய்விட்டது.

அன்று முதல் நான் அசைகிற எதையும் காலை எண்ணாமல் விட்டதில்லை. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு நான் நல்ல வேடிக்கையாகிப் போனேன்.

"நம்ம வீட்டு மேசைக்கு நாலு காலு இருக்கே மருமகளே, அது ஆடா, மாடா? உங்க டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

மாமா முன்பு ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். இலையை உருட்டும் மெஷினில் இடது கையின் இரண்டு விரல்கள் போன பிறகு ஆட்டோ ஓட்ட வந்துவிட்டார். வெளியே கிளம்பினால் அந்தக் கையில் ஒரு கம்பளி உறை ஏறிவிடும். உறையில் இரண்டு விரல்களுக்கு அம்மா பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் மாமா உறையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு கைக்கு மட்டும் ஏன் உறை என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இந்தக் கைக்கு மட்டும் குளிரு ஜாஸ்தி மருமகளே" என்றார்.

எங்கள் ஊர்க் குளிருக்கு அது பொருத்தமான பதிலாகவே இருந்தது. வலது கை மட்டும் எப்படித் தாங்குகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்த வருஷம் ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. பள்ளிக்கு ஒரு பொருள்தான் காட்டலாம். முதலாவதாக வருவது நுவரெலியாவுக்குப் போகும். எங்கள் பள்ளி அதுவரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை, கடைசியாகக்கூட வந்ததில்லை. கூப்பிடவே மாட்டார்கள். இந்த முறை டீச்சர் அலைந்து திரிந்து இடம் வாங்கிவிட்டார். எதைக் கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நிற்கும். ஒருநாள் குடம் நிரம்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இலை நடந்தது. காற்றில் நகர்ந்ததோ என்று கிட்டே போனேன். மறுபடியும் நடந்தது, மெதுவாக, யோசித்து யோசித்து. நரம்பு ஓடிய பச்சை உடம்பு, பூச்சி தின்றதுபோல் ஓரத்தில் பழுப்பு. இலை என்று அது சத்தியம் செய்தால் நான் நம்பியிருப்பேன். காலை எண்ணினேன். ஆறு!

டீச்சர் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். இலைப்பூச்சி என்றார். "லேசா ஊதிப் பாருங்க" என்றார். ஊதினேன். காற்றில் ஆடும் இலைபோல் அது இப்படியும் அப்படியும் ஆடியது. நான் ஊதுவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"இலை மாதிரி நடிக்குது. பறவை ஏமாந்து தாண்டிப் போயிரும். அதுக்குக் கொடுக்கும் இல்ல, விஷமும் இல்ல. இந்த நடிப்பு ஒன்னுதான் அதைக் காப்பாத்துது" என்றார் டீச்சர்.

பழப்பெட்டியின் முன்பக்கத்தில் கொசு புகாத நுளம்பு வலை அடித்து மாமா கூடு செய்துகொடுத்தார். உள்ளே ஒரு கொய்யாக் கிளை. பூச்சி அதில் தின்றது, தொங்கியது, மற்ற நேரமெல்லாம் இலையாக இருந்தது. அம்மா வலையில் மூக்கை ஒட்டி வைத்துத் தேடுவார். "எங்கடி இருக்கு? வெறும் கொப்பை வச்சுக்கிட்டு எல்லாரையும் ஏமாத்துறியா?" என்பார். நான் காட்டினால், "அடி ஆத்தி!" என்று ஒருமுறை பார்ப்பார். தலையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் மறுபடியும் தெரியாது.

கண்காட்சி நாள் காலையில் கூடு வாசல் பெஞ்சில் இருந்தது. நான் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா மலைக்குக் கிளம்பிப் பையையும் முதுகில் போட்டுவிட்டு, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவோடு பேசிக்கொண்டே கூட்டின் மூடியைத் திறந்திருக்கிறார். பெரிய ஆட்கள் வந்து பார்க்கப்போகிற கிளை. அதில் முத்தலும் பழுப்புமாக இலைகள் இருந்தால் மகளைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கிளையைச் சுத்தம் செய்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு, அம்மா மலைக்குப் போய்விட்டார்.

டீச்சர் வந்து நாங்கள் கிளம்ப ஒன்பது மணி தாண்டிவிட்டது. மாமா ஆட்டோவை ஓட்ட, பின்னால் டீச்சரும் நானும். கூடு என் மடியில். பாதி மலை இறங்கியதும் டீச்சர், "எங்க, நம்ம கதாநாயகி என்ன செய்றாங்க?" என்று குனிந்தார். நானும் குனிந்தேன். கிளை கடையில் வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது. ஓர் இலையில்கூடப் பழுப்பு இல்லை. பூச்சியும் இல்லை.

யாருடைய கைவேலை என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கிள்ளிய இலை எங்கே போயிருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

"மாமா, திருப்புங்க! பூச்சி அம்மாவோட கொழுந்துப் பையில!"

மாமா அந்த ஒற்றைத் தடப் பாதையில் ஆட்டோவை எப்படித் திருப்பினார் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலைக் கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். அம்மாவின் பை தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து அது லொறிக்குப் போகும், அங்கிருந்து ஸ்டோருக்கு. நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிறுக்கிற கணக்கப்பிள்ளை சிரித்தார். "பூச்சிக்காகப் பையைக் கொட்டணுமா? என்ன பேச்சு இது?"

வெளியாட்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் தோட்டத்தில் ஒருத்தியின் பையை எல்லார் முன்னாலும் கொட்டுகிறார்கள் என்றால், அவள் முத்தலைக் கலந்து நிறையை ஏற்றினாள் என்று சந்தேகம் என்று அர்த்தம். அம்மாவின் பை ஒருநாளும் கொட்டப்பட்டதில்லை. அதுதான் அவருடைய பெருமை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொக்கியிலிருந்து பையைத் தானே இறக்கி, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்து, அதில் கொட்டினார்.

"நல்லா பாத்துக்கங்கய்யா. எம் பையில என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

பெண்கள் படங்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த மலையின் கூர்மையான விரல்கள் எல்லாம் அந்தக் குவியலில் இறங்கின. கொய்யா இலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "தேயிலையில கொய்யாவா? அக்கா புது ரகம் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முத்தல் ஒன்றுகூட வரவில்லை. பூச்சியும் வரவில்லை. டீச்சர் மணியைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. விரலை ஏமாற்றத்தானே அது பிறந்திருக்கிறது, விரலால் தேடினால் கிடைக்குமா?

"எல்லாரும் கையை எடுங்க!" என்று கத்தினேன். கணக்கப்பிள்ளையும் சேர்ந்து கையை எடுத்தார். நான் படங்கின் ஓரத்தில் குப்புறப் படுத்து, குவியலின் மேல் மெல்ல ஊதினேன். கொழுந்துகள் சிலிர்த்து அடங்கின. எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தா!" என்று முதலில் கத்தியது கணக்கப்பிள்ளைதான். பெண்கள் போட்ட கூச்சலில் மேல் மலையில் நின்றவர்கள் குளவி கொட்டிவிட்டதோ என்று பயந்துபோனார்களாம். அம்மா அதைப் புறங்கையில் ஏற்றிக் கூட்டுக்குள் விட்டார். "இன்னைக்குப் பேரு போனா போகட்டும், நானும் வாரேன்" என்று, அரை நாள் பேரை, அதாவது சம்பளத்தை, விட்டுவிட்டு, மண் பட்ட காலோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வழியில் பழக்கதோஷத்தில் காலை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். அம்மா முகம் வாடிப்போய், "என் நகத்துலதான் போயிருக்கும்" என்றார். அது பிடித்த கையில் காலை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று டீச்சர் சமாதானம் சொன்னார். குஞ்சுதான் என்பதால் அடுத்த முறை தோல் உரிக்கும்போது புதுக் கால் முளைக்கும் என்றார். ஆனால் அவர் குரலிலும் கவலை இருந்தது.

கண்காட்சி மண்டபத்தில் மினுக்கும் விளக்குகளும் எரிமலைகளும் இருந்தன. எங்கள் மேசையில் ஒரு பழப்பெட்டி. நடுவராக வந்த பெரியவர் கோட் போட்டிருந்தார். பூச்சியை நெடுநேரம் தேடி, நான் ஊதிக் காட்டியதும் கண்டுபிடித்து, ரசித்துச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"இது என்ன வகை மகள்?"

"பூச்சி, சேர்."

"பூச்சிக்கு எத்தனை கால்?"

"ஆறு, சேர்."

அவர் பேனாவின் நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினார். "இதுக்கு அஞ்சுதானே இருக்கு? அப்ப இதை எப்படிப் பூச்சின்னு சொல்றீங்க?"

பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் உதட்டைக் கடித்தார். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. காலைப் பறிகொடுத்துவிட்டு, அத்தனை பேர் விரலுக்கும் தப்பி வந்து நிற்கிற ஜீவனை இப்படிக் கேட்கலாமா?

"சேர், எங்க மாமாவுக்கு ரெண்டு விரல் இல்ல. ஸ்டோரு மெஷின்ல போயிருச்சு. அதுக்காக அவரை மனுசக் கணக்குல இருந்து தள்ளிருவீங்களா?"

அம்மா என் தோளைப் பிடித்தார். நகம் பதியும்படி பிடித்தார். வாசல் ஓரத்தில் மற்ற டிரைவர்களோடு நின்ற மாமாவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா உறை போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் உறையை உருவி எடுத்துவிட்டு, இடது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

"நாந்தான் சேர் அந்த மாமா."

முதலில் கைதட்டியது நடுவர்தான். பிறகு மண்டபமே தட்டியது. எங்கள் பழப்பெட்டி எரிமலைகளை எல்லாம் அணைத்துவிட்டு முதலாவதாக வந்தது. டீச்சர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா அழுதார். நான் வென்றதற்காக அழுகிறார் என்று நினைத்தேன். மாமா கையைத் தூக்கியதும் எனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து, நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

நுவரெலியாவுக்குப் போய்வந்த கொஞ்ச நாளில் பூச்சி தோல் உரித்தது. ஆறாவது கால் சின்னதாக, சுருண்டபடி முளைத்திருந்தது. அதைக் கொய்யா மரத்திலேயே விட்டுவிட்டோம். விட்ட மறுகணமே எது இலை, எது அது என்று தெரியவில்லை.

அந்த மார்கழியில் குளிர் கொன்றுவிட்டது. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மாமா கம்பளிக் குல்லாயும் சால்வையும் போட்டுக்கொண்டு ஆட்டோவை எடுப்பார், ஆனால் கையில் உறை இல்லை. அது ஆணியிலேயே தொங்கியது. பிறகு ஒருநாள் அம்மா அதைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, எனக்குக் காலுறை பின்னிக் கொடுத்தார்.

"இந்தக் கைக்குக் குளிரலையா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல மருமகளே, இப்பக் குளிர்றதே இல்ல" என்று மாமா அந்தக் கையால் என் காதைத் திருகினார்.

உயிர்கள் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தது எவ்வளவு சரி என்று நான் வியந்துபோனேன். மாமாவின் கை கடைசியில் எங்கள் ஊர்க் குளிருக்குப் பழகிவிட்டது என்று மறுநாளே வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன்.