மூன்றாம் தரம் கேட்டால் குடிப்பார்

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி நான் சோதனையில் பெயில். ஐம்பத்திரண்டு வயதில்... அதுவும் ஒரேயொரு மருந்துக் குளிசையைக் கொடுக்கத் தெரியாமல்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — எழுத்து எனக்கு லீவு நாள் வேலை. மற்ற நாட்களில் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ., அதாவது பராமரிப்பு உதவியாளர். குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்துவது. தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. மருந்து கொடுக்கும் உதவியாளர் பயிற்சியை முடித்தால் ஆட்களைத் தூக்க வேண்டியதில்லை, மருந்து ட்ரொலியைத் தள்ளினால் போதும். அதற்காகத்தான் இந்த வயதில் மறுபடியும் வகுப்பு, ஹோம்வேர்க் எல்லாம்.

எழுத்துச் சோதனையில் நான் கெட்டிக்காரி. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம் — நித்திரையிலும் சொல்லுவேன். சீனி வருத்தக் குளிசைகள் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஏன் என்று கேட்காதீர்கள்.

மிச்சமிருந்தது செய்முறை. எங்கள் நேர்ஸ் மார்சியா பக்கத்தில் நின்று பார்ப்பார். ஜமெய்க்காவில் பிறந்தவர், லேசில் சிரிக்காதவர். இரண்டு தரம்தான் விடுவார்கள். இரண்டாம் தரமும் கோட்டை விட்டால் முழுப் பயிற்சியும் முதலிலிருந்து.

அன்றைக்குக் கடைசி ஆள் பரமலிங்கம் அங்கிள். (பெயர் வேறு. எழுதட்டோ என்று கேட்டேன். "வடிவான பேராப் போடுங்கோ பிள்ளை" என்றார்.) பருத்தித்துறைப் பக்கம் தபாலதிபராக இருந்தவர். கால் இரண்டும் வீங்கி, சப்பாத்து நுழையாது. உடம்பில் சேரும் தண்ணீரை இறக்க அவருக்குத் தினமும் காலையில் ஒரு குளிசை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதை வேண்டாம் என்பார். இப்படியே போனால் நெஞ்சில் தண்ணீர் கட்டிவிடும் என்று மார்சியாவுக்குக் கவலை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் — "நோ, தாங்க்யூ."

"அங்கிள், குளிசை."

"வேண்டாம் பிள்ளை."

எனக்குள் ஒரு சிரிப்பு. நம்முடைய 'வேண்டாம்' எனக்குத் தெரியாததா? ஒரு வீட்டுக்குப் போனால், முதல் கேள்விக்கே தேத்தண்ணிக்கு ஓம் என்று சொல்லுவோமா? "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்போம். இரண்டாம் தரம் கேட்டால், "ஏன் உங்களுக்குக் கரைச்சல்." மூன்றாம் தரம் கேட்கும்போது கப் கைக்கு வந்திருக்கும். முதல் கேள்வியோடு விட்டுவிட்ட வீட்டைப் பற்றிக் காரில் ஏறியதுமே கதை தொடங்கிவிடும்... "ஒரு தேத்தண்ணிகூடத் தரேல்லை."

இங்கத்தைய ஆட்கள் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அதுதான் சங்கதி என்று நானே முடிவு கட்டினேன்.

"போடுங்கோ அங்கிள். கால் என்ன மாதிரி வீங்கிக் கிடக்கு."

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை."

"எனக்காக, அங்கிள்."

வாங்கி வாயில் போட்டார். தண்ணீரும் குடித்தார். நான் பெருமையோடு மார்சியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ அங்கிளின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். குளிசை அப்படியே உள்ளே இருந்தது. என் முகத்தை முறிக்க மனமில்லாமல் வாங்கியிருக்கிறார், பாவம். அதை டிஷ்யூவில் துப்பிவிட்டு, "சொறி பிள்ளை" என்றார்.

அறைக்கு வெளியே விசாரணை.

"அவர் என்ன சொன்னார்?"

"வேண்டாம் என்று."

"நீ?"

"ப்ளீஸ் என்று."

"பிறகு அவர்?"

"வேண்டாம் என்று."

"பிறகு நீ?"

"இன்னும் கொஞ்சம் ப்ளீஸ்."

மார்சியா பெருமூச்சு விட்டார். "உன்னிடமாவது சொல்லுவார் என்று நினைத்தேன். ஏன் வேண்டாமாம்?"

கேட்டிருந்தால்தானே தெரியும்? மறுப்பது அவருடைய உரிமை, வற்புறுத்தாதே, காரணத்தைக் கேட்டு வந்து சொல் — பாடத்தில் அப்படியே இருந்தது. நானே அடிக்கோடும் போட்டிருந்தேன். பெயில்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதே யோசனை. பசியில்லை என்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு. கலியாணம் வேண்டாம் என்கிறவளுக்கு இன்னும் ஒரு மாப்பிள்ளைப் படம். திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் நாம் பாசம் என்று வைத்திருக்கிறோம். 'ஏன்' என்பதோ நம் வீடுகளில் கேள்வியே இல்லை, அதட்டல். "ஏன் சாப்பிடேல்லை?" என்று கேட்டால் யாராவது காரணம் சொல்லுவார்களா? பேசாமல் சாப்பிடுவார்கள்.

அடுத்த வெள்ளி. எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம். ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய் அங்கிளிடம் குளிசைக் கப்பை நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை."

குளிசைக் கப்பைத் திருப்பி ட்ரொலியில் வைத்தேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சரி அங்கிள், தரேல்லை. ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் மார்சியாவைப் பார்த்தார். மார்சியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

"பத்து மணிக்குக் கோயில் வான் வரும். உந்தக் குளிசை போட்டா ஒண்டுக்குப் போகச் சொல்லி அந்தரப்படுத்தும். ஒருக்கா ரோட்டில ட்ரஃபிக் இறுகி... வேட்டியோட போயிட்டுது பிள்ளை. சாமிக்கு முன்னால சால்வையால மறைச்சுக்கொண்டு நிண்டனான். உதை எப்பிடிப் பொம்பிளைப் பிள்ளையளிட்டைச் சொல்லுறது?"

போன கிழமை 'எனக்காக' என்று நான் அவரை விழுங்கச் சொன்னது இதைத்தான்.

அவருடைய சம்மதத்தோடு மார்சியாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். மார்சியா டொக்டருக்கு ஃபோன் எடுத்தார். வெள்ளிகளில் மட்டும் கோயிலிலிருந்து வந்த பிறகு குளிசை. அவ்வளவுதான் வேலை. எனக்குப் பாஸ். மார்சியா சிரித்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் சிரிக்கவில்லை.

பின்னேரம் கோயிலிலிருந்து வந்த அங்கிள் குளிசையை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். பிறகு சால்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கப்பை எடுத்து நீட்டினார். சர்க்கரைப் பொங்கல்.

"பாஸ் பண்ணினதுக்கு."

"வேண்டாம் அங்கிள்."

"கோயில் பிரசாதம் பிள்ளை, கொஞ்சம்."

"வேண்டாம் அங்கிள்."

மூன்றாம் தரமும் கேட்பார், வாங்கிவிடுவோம் என்றுதான் இருந்தேன். அவர் கப்பை மேசையில் வைத்துவிட்டு என்னை வடிவாகப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை?"

எனக்குச் சீனி வருத்தம் வந்திருப்பதை வீட்டில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அங்கிளுக்குச் சொன்னேன்.

இந்தப் பத்தியை வீட்டிலும் வாசிப்பார்கள்... தெரிந்துதான் எழுதுகிறேன்.