மாரியம்மன் தேரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும்

போன மாதம் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். புரை எடுத்தார்கள். வெயிலும் தூசும் படக்கூடாது, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இந்த வேலையெல்லாம் எனக்குத்தான். பெருமையும்தான்.

ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

ஏனாம்?

"இதப் போட்டுக்கிட்டு வெளிய போனா, கொழுந்தே எடுக்காத சீமாட்டி மாதிரி இருக்கும் புள்ள. சிரிப்பாங்க."

யோசித்தால் அம்மா மேல் தப்பில்லை. சினிமாவில் கறுப்புக் கண்ணாடி யாருக்கு? ஹீரோவுக்கு — நடுராத்திரியிலும். வில்லனுக்கு. திமிர் பிடித்த பணக்கார மகளுக்கு. கூடை சுமக்கிற அம்மாவுக்குச் சினிமா கொடுத்தது கண்ணீர் மட்டும்தானே?

ஆனால் அந்த வாரம் தோட்டத்து மாரியம்மன் தேர். இரண்டு வருஷமாக அம்மாவுக்கு அம்மன் முகம் புகை மாதிரிதான் தெரிந்தது. இந்த முறை தெளிவாகப் பார்க்கத்தான் ஆபரேஷனுக்கே சம்மதித்தார். கண்ணாடி இல்லாமல் நான் விடமாட்டேன்; கண்ணாடியோடு அவர் வரமாட்டார். கிருமி, தொற்று என்று படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம்.

தேர் எங்கள் லயத்தை நெருங்கியது. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அம்மாவால் இருக்க முடியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு வெளியே வந்தார்.

தப்படிக்கிற முருகேசு மாமா பார்த்துவிட்டார். சாமிக்கு அடித்துக்கொண்டிருந்த தாளத்தைச் சட்டென்று மாற்றினார். ஹீரோ திரையில் நுழையும்போது ஒரு அடி அடிப்பார்களே... அது! லயமே திரும்பிப் பார்த்தது.

"வழிய விடுங்கடி, ஹீரோ வாராங்க" என்றார் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா.

அம்மா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுவாரோ?

அம்மா நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு மெதுவாக... மிக மெதுவாக, ஸ்லோ மோஷனில் நடந்தார். விசில் பறந்தது. சிரித்துக்கொண்டே கூட்டம் விலகி, தேருக்கு நேர் முன்னால் அவருக்கு இடம் விட்டது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மனோட மூக்குத்தி தெரியுது புள்ள."

நேற்று டொக்டர், இனிக் கண்ணாடி தேவையில்லை என்றுவிட்டார். இன்று காலை பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. அம்மா கண்ணாடியோடுதான் கடைக்குப் போனார்.