திறந்து பார்க்காமல் வாங்கிய லேப்டாப்

வாடிப்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் பழுதானதும் கோரிப்பாளையத்தில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த லேப்டாப்பை எடுத்தேன்.

"பிராசஸர் டிசைன் வேலைக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"புது மாடல்மா, எம்புட்டு வேலையும் தாங்கும்" என்றார் கடைக்காரர். பிராசஸரின் பெயரைக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டேன்.

சின்னப் பத்திரிகைகள் வரை சிக்கல் இல்லை. அடுத்த மாதம் எதிர்வீட்டு முருகேசன் அண்ணனின் அம்மா இறந்துபோனார். காலையிலேயே போட்டோவோடு வந்த அண்ணன், "அம்மாவ எடுக்குறதுக்குள்ள வாசல்ல பெரிய பேனரா வைக்கணும் தாயி" என்றார்.

போட்டோவைச் சேர்த்ததுமே லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டபோதும் அந்த அம்மாவின் முகம் பாதிதான் திரையில் வந்திருந்தது.

பேனர் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். "விடு தாயி" என்றார் அண்ணன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேறு ஆளிடம் பேனர் அடித்தார். அதிலிருந்து தெருவில் எல்லோரும் அந்த ஆளிடமே போகிறார்கள்.

"இது பிள்ளைக படிக்கிறதுக்கான சின்ன பிராசஸர்க்கா. போர்டோடயே ஒட்டியிருக்கு, மாத்த முடியாது" என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று வாங்க வழியில்லை. பெரிய பேனர் கேட்டு எப்போதாவது யாராவது வந்தால், முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வாங்கப் போகிறவர்களிடம், உங்களுடைய பெரிய ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பாருங்கள் என்கிறேன். முருகேசன் அண்ணன் எதிரே வந்தால் மட்டும் என்ன பேசுவதென்று இன்னும் தெரியவில்லை.