கட்டுமாவடிக் கருவாடும் அரைக் கிலோ வரம்பும்

1. தராசோடு வந்த பார்ட்டி

கூரியர் ஆபீசுக்குப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில பேர் சண்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே பார்ட்டி மாரிக்கண்ணுதான்.

நான் மணமேல்குடி கிளையின் இன்சார்ஜ். செக் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன். இப்போது சீப்பு, செருப்பு வரைக்கும் எல்லாம் ஆப்பில் வாங்குகிறார்கள். சீக்கிரமே சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறேன். புதிதாகப் பார்சல் எடுக்கும் பிக்கப் வேலைக்கு வருகிறவர்களும், வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்று நினைக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாரிக்கண்ணு கட்டுமாவடிக்கார அம்மா. கரையில் ஏலத்துக்கு வரும் மீனை வாங்கி, வீட்டில் உப்புப் போட்டுக் காயவைத்து, ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் கருவாடு விற்கிறார். அந்தச் சந்தைக்கு நாங்கள்தான் பார்சல் எடுப்போம். அவருடைய நெத்திலிப் பாக்கெட் கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் வேன் டிரைவர் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு புலம்புவார்.

அன்றைக்கு மாரிக்கண்ணு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் டேப் ஒட்டிய பார்சல், இன்னொரு கையில் வீட்டு எலக்ட்ரானிக் தராசு.

"அண்ணே, ஒங்க மிஷினு திருட்டு மிஷினு. இந்தாங்க என் தராசு. ரெண்டுலயும் வச்சுப் பாருங்க."

"ஏத்தா, வந்ததும் வராததுமா ஏன் கத்துற? உக்காரு. என்ன நடந்துச்சு?"

உட்காரவில்லை. போனை என் முன்னால் நீட்டினார். விற்பனைப் பணக் கணக்கைக் காட்டும் செட்டில்மென்ட் பக்கத்தில் வரிசையாக எடை வித்தியாசம், எடை வித்தியாசம் என்றே இருந்தது. ஒவ்வொரு பார்சலுக்கும் கூடுதல் கட்டணம் பிடித்திருந்தார்கள். அடியில் இருந்த மொத்தத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி.

"சரக்கும் என்னுது, ஒழைப்பும் என்னுது. அவங்களுக்கு நான் குடுக்கணுமாம்ணே."

2. விற்பனையாளர்களின் வசதிக்காக

இந்த இடத்தில் கட்டண விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு கிலோ வரைக்கும் ஒரே அனுப்புக் கட்டணம்தான். வாரா வாரம் பணம் பேங்கில் ஏறிவிடும். ஒரு நாள் ஆப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. "விற்பனையாளர்களின் வசதிக்காக" என்று ஆரம்பித்தது. வசதிக்காக என்று ஆரம்பிக்கும் அறிவிப்பு எதுவானாலும் கடைசியில் நம் பையில்தான் கை வைக்கும். இத்தனை வருஷ சர்வீசில் இதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை.

மாற்றம் இரண்டு. ஒன்று, அரைக் கிலோ வரைக்கும் ஒரு ஸ்லாப், அதைத் தாண்டினால் அடுத்த ஸ்லாப். பார்சல்களைப் பிரித்து அனுப்பும் ஹப்பில் மிஷின் எடை போடும். விற்கிறவர் சொன்ன எடைக்கும் மிஷின் சொல்வதற்கும் வித்தியாசம் வந்தால் அடுத்த ஸ்லாப் கட்டணத்தோடு அபராதமும் சேரும். இரண்டு, பார்சல் டெலிவரி ஆகி, ரிட்டர்ன் கெடுவும் முடிந்த பிறகுதான் பணம் வரும்.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் கொசுக்கடி. மாரிக்கண்ணுவுக்கு அப்படியில்லை. கரை ஏலத்தில் கடன் கிடையாது. கையில காசு, வாயில தோசை. காசு இல்லாதவர்களுக்கு உள்ளூர் வியாபாரி முன்பணம் கொடுப்பார். வாங்கிவிட்டால் போடுகிற கருவாடு மொத்தமும் அவருக்குத்தான், அவர் சொல்வதுதான் விலை. மாரிக்கண்ணு பல வருஷம் அந்த முன்பணத்தில் கிடந்து, அடைத்து முடித்து, வெளியே வந்தவர்.

"நெத்திலி சீசன் வருதுண்ணே. இப்புடியே போனா மறுபடியும் அந்த ஆளு வாசல்ல போய் நிக்கணும். செத்தாலும் நிக்க மாட்டேன்."

கத்தலை நிறுத்தி, தாழ்ந்த குரலில் இதைச் சொன்னார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

3. இரண்டு தராசும் ஒரே பேச்சு

பார்சலை எங்கள் தராசில் வைத்தேன். ஐந்நூற்று இருபது கிராமைத் தொட்டது. எடுத்து அவருடைய தராசில் வைத்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

மாரிக்கண்ணுவின் முகம் மாறிப்போனது. "அது எப்புடிண்ணே? நெத்திலி நானூறு. கவரு, அட்டை, டேப்பு எல்லாஞ் சேத்து எம்பது. நானூத்தெம்பதுதானே வரணும்? என் கையால நிறுத்துப் போட்டது."

"ஒன் தராசுதானே சொல்லுது?"

பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈரக்காத்தா இருக்கும். கடக்கரையில உப்பு தண்ணிய இழுக்கும்ல."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் காற்றுப் புகாமல் ஒட்டிய கவருக்குள் ஈரம் எந்த வழியாகப் போகும்? எதற்கும் இருக்கட்டும் என்று திருச்சி ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், மிஷின் போட்டதுதான் கணக்கு. பார்ட்டிய ஆப்புல டிக்கெட் போடச் சொல்லுங்க" என்றார்.

போட்டோம். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்றது. படித்துப் பார்த்துத்தான் முடித்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

4. கட்டுமாவடியில் கண்டது

மறுநாள் பிக்கப்புக்கு நானே போனேன். அந்த மிச்ச எடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டின் முன்னால் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தது. உள்ளே மாரிக்கண்ணுவும் அவர் நாத்தனார் வசந்தாவும் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, நல்லாப் பாருங்க, ஒங்க கண்ணு முன்னாலயே போடுறேன்" என்றார் மாரிக்கண்ணு.

பார்த்தேன். கவரைத் தராசில் வைத்தார். நெத்திலியை அள்ளி அள்ளிப் போட்டார். சரியாக நானூறு வந்ததும் கவரைத் தராசிலிருந்து எடுத்தார். எடுத்த கையோடு பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி நெத்திலியை அள்ளி மேலே போட்டார். வசந்தா வாங்கிச் சூடு வைத்து ஒட்டினார். அடுத்த கவர். அதற்கும் அதே மாதிரி.

"ஏத்தா, இப்ப என்ன போட்ட?"

"எப்ப?"

"தராசுல இருந்து எடுத்த பெறகு."

தன் கையையே பார்த்தார். பிறகு, இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார். "அது கொசுறுண்ணே."

"அதுக்கு எடை இல்லையா?"

"கொசுறப் போயி யாராச்சும் நிறுப்பாங்களா?"

வசந்தாதான் முதலில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மாரிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தையில் கூடை வைத்து விற்ற நாளிலிருந்து அந்தக் கை பழகிய பழக்கம் அது. எடை முடிந்ததும் ஒரு பிடி தானாகப் போய் விழும். அது விற்பனைக் கணக்கிலும் சேராது, நினைப்பிலும் நிற்காது. ஈரக்காற்றைச் சந்தேகப்பட்டவருக்குத் தன் கையைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

5. நான் சொன்ன யோசனையும் அவர் சொன்ன பதிலும்

"சரி, வேலை சுலபமாப் போச்சு. கொசுற நிறுத்திடு" என்றேன்.

"அது முடியாதுண்ணே."

"அப்ப முந்நூத்தறுவது போட்டு நாப்பது கொசுறு போடு. மொத்தம் நானூறு. யாருக்குத் தெரியப்போகுது?"

மாரிக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க சரக்குலயே எடுத்து அவங்களுக்கே கொசுறுன்னு போடுறதா? நல்லாச் சொன்னீங்க போங்க. நிறுத்துப் போட்டா அது சரக்குண்ணே. நிறுக்காமப் போடுறதுதான் கொசுறு. அங்கிட்டு வாங்குறவுக என் மொகத்தப் பாத்ததில்ல. நான் யாருன்னு அவுகளுக்கு அந்த ஒரு பிடிதான் சொல்லுது."

ஆனாலும் நான் விடவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக இருக்கிறதே, இந்தப் பிடிவாதத்துக்கு யார் காசு கட்டுவது என்று கேட்டேன். அவர் ஒரு கவரை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, அரைக் கிலோவுக்கு மேல ஒரு கிராம் போனாலும் அடுத்த ஸ்லாப்புதானே?"

"ஆமா."

"அது ஒரு கிலோ வரைக்கும் ஒரே கட்டணம்?"

"ஆமா."

"அப்ப நான் ஏன் அரைக் கிலோ வாசல்ல இடிச்சுக்கிட்டு நிக்கணும்? உள்ள போயிர்றேன். நெத்திலி நானூறு, வாளைத் துண்டு முந்நூத்தம்பது, ரெண்டயும் ஒரே பார்சலாப் போட்டா பேக்கிங்கோட கிலோவுக்குள்ளதான் வருது. கொசுறு போடுற கைக்கு எடம் இருக்கும்ல?"

மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இருந்தது. தாராளமாகவே இருந்தது. அனுப்புக் கட்டணமும் இரண்டு சரக்குக்கு நடுவில் பிரிந்துபோகும். ஸ்லாப், ஸ்லாப் என்று தினமும் வாயில் போட்டு மென்ற எனக்கு இது தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் எதைக் குறைக்கலாம் என்றுதான் பார்ப்போம். அவர் எதைக் கூட்டலாம் என்று பார்த்தார்.

பணம் தாமதமாக வருவதற்கும் ஒரு வழி சொன்னார். போட்ட கருவாட்டில் பாதியை அறந்தாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோவது, பாதியை ஆப்பில் விற்பது. "சந்தைக் காசு ஏலத்துக்கு. ஆப்புக் காசு எப்ப வருதோ வரட்டும். சீட்டுக் கட்டுனதா நெனச்சுக்கிறேன்."

6. காலி வேன்

சொல்வது சுலபம். ஆப்பில் முதலில் கண்ணில் படுவது விலைதான். பெரிய பார்சலுக்குப் பெரிய விலை. பார்க்கிறவர்கள் எடையைப் படிப்பதற்கு முன்னால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்டர் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. கட்டுமாவடிப் பக்கம் போன வேன் பல நாள் காலியாகத் திரும்பியது. மூக்கைப் பிடித்த டிரைவரே, "என்ன சார், அந்தக்கா சரக்கே காணோம்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்த வியாபாரி முன்பணத்தோடு வீட்டுக்கு வந்து போனதாக வசந்தா ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். மாரிக்கண்ணு டீ போட்டுக் கொடுத்து, நலம் விசாரித்து, பணத்தைத் தொடாமல் அனுப்பிவிட்டாராம். அதே கையோடு சந்தைக்குக் கூடை தூக்கிப் போய்விட்டார் என்றார். ஆன்லைனில் பேர் வாங்கிய பிறகு மறுபடி தரையில் சாக்கு விரித்து உட்காருவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். என்னால் முடியுமா என்றால், முடியாது.

அப்புறம் ஒரு நாள் கிளைக்குப் போன் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர்.

"ஏனுங்க, கட்டுமாவடிக் கருவாடு ஆர்டர் போட்டிருந்தனுங்க. இன்னும் வந்து சேரலீங்களே?"

"வந்திரும்மா, வழியில இருக்கு" என்றேன். வாய் சும்மா இருக்காமல், "விலை கூடிப்போச்சேம்மா, வேற கடை பார்க்கலையா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"பாத்தனுங்க. வாங்கியும் பாத்தனுங்க. அவிங்க சொன்ன எடைக்கு ஒரு நூலு கூட மேல வரலீங்க. இந்தம்மா ஒரு பிடி சேத்திப் போடுமுங்க. எங்கூட்டுல பாக்கெட்டப் பிரிச்சதும் அதத்தான் தேடுவாங்க."

போனை வைத்துவிட்டு உடனே மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. நெத்திலி சீசன் முடிவதற்குள் பழைய பார்ட்டிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எடை வித்தியாசம் என்று ஒரு வரி கூட அதற்குப் பிறகு அவர் செட்டில்மென்டில் வரவில்லை. டிரைவர் மறுபடியும் மூக்கைப் பிடித்தார்.

7. தெரிந்துகொண்டது

கட்டணம் நாளைக்கும் மாறும். ஆப்புக்காரர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாற்றப்போவதில்லை. மாறினால் அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். ஒட்டி முடித்த பார்சலை முழுசாக ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எல்லாக் காசையும் ஒரே வழியில் எதிர்பார்த்து உட்காராதீர்கள். இதெல்லாம் தொழில் பாடம், யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். வெட்ட வேண்டியது எது, வெட்டக் கூடாதது எது என்பதை மட்டும் விற்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதை மாரிக்கண்ணுவைப் போல முடிவு செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன வாரம் வீட்டுக்குக் கருவாடு வாங்கக் கட்டுமாவடிக்குப் போயிருந்தேன். அரைக் கிலோ நெத்திலி கேட்டேன். நிறுத்தார். காசு கொடுத்தேன். கவரை என் கையில் தந்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி மேலே போட்டார். கூரியர்க்காரன் புத்தி போகுமா? எவ்வளவு வருகிறது பார்ப்போம் என்று கவரை மறுபடி தராசுப் பக்கம் கொண்டுபோனேன்.

மாரிக்கண்ணு சட்டென்று தராசை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அது தராசுக்குத் தெரிய வேணாம்ணே."

நான் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.