ஒரே பக்கம் உடைந்த வளையம்

கல்யாணமான நாளிலிருந்து அவளும் அவள் கணவனும் சண்டை போட்டதெல்லாம் ஒரு வளையத்தைப் பற்றித்தான். வாசனைத் திரவியத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருவருமே வேதியியலாளர்கள். இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தில் ஓசோனைச் செலுத்தினால் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் அந்தப் பிணைப்போடு கோத்து வளையமாகும். கடுங்குளிரிலும் அது தாக்குப்பிடிக்காது, இரண்டாக உடையும். ஒரு துண்டு ஓர் ஆக்சிஜனோடும் இன்னொன்று இரண்டோடும் போகும். எது எத்தனையைக் கொண்டுபோகும் என்பதுதான் பிடிபடவில்லை. பாதிக்குப் பாதி இரண்டு விதமாகவும் உடைந்து, வேண்டாததும் கலந்து வந்து உயிரை வாங்கியது.

"பிணைப்பு ஓரத்துல ஒரு ஆக்சிஜனக் கட்டிவெச்சுப் பாரு. ஒரே மாதிரி உடையும்," என்பான் அவன்.

"ஆமா, நீங்க சொன்னா கேட்டுக்கும்."

அப்படி ஆக்சிஜன் கட்டிய சேர்மத்தைச் செய்து முடிப்பதற்குள் அவனுக்குக் கடல் கடந்து வேலை கிடைத்தது. ஒரு வருஷம்தானே என்று போய்விட்டான். அவன் மேசையில் வேறு ஆளை உட்காரவைக்க மேலாளர் வந்தபோது, தன் குடுவைகளையெல்லாம் அதில் பரப்பி, இடமே இல்லை என்று சாதித்தாள். வீட்டில் வாதாட ஆளில்லாமல் வாய் துருப்பிடித்தது.

ஒருவழியாகச் சேர்மம் கைக்கு வந்தது. அதை மெத்தனாலில் கரைத்து, உலர்பனித் தொட்டியில் குளிரவைத்து, ஓசோனை விட்டாள். ஓசோன் மிஞ்சிக் கரைசல் இளநீலமானதும் நிறுத்தினாள். இரண்டு ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகும் துண்டை மெத்தனால் பிடித்துவைக்கும். எந்தத் துண்டு சிக்கியது என்று கருவி காட்டிவிடும். கருவி வரைந்த கோட்டில், துண்டுக்கு ஒன்றாக இரண்டு மேடு வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது.

அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நீங்க சொன்னதுதான். ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு."

"பக்கத்துல இருந்திருக்கணும் நான்," என்றான். ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டச் சொல்கிறார்கள், இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

இப்படி ஏதாவது சொன்னால், உங்க இஷ்டம் என்று விட்டுவிடுவதுதான் அவள் வழக்கம். அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"வந்துடுங்க," என்றாள். "என்னால முடியல."

மழைக்காலம் முடிந்து வந்தான். இளைத்துப்போயிருந்தான். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"இப்ப போனா ஆய்வுக்கூடம் திறந்திருக்குமா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று கதவைச் சாத்தினாள்.