பரந்தன் பக்கம் ஏற்றம் இல்லை

என் வாழ்க்கையில் நான் ஏறிய மிக உயரமான இடம் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டு. அதிலும் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அப்படிப்பட்ட நான் வீட்டில் மலை ரயில்களைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தேன் என்றால், அதற்கு முழுப்பொறுப்பும் என் மச்சான்தான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர்களுடைய குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது அவர் மட்டும் மலையிலேயே நின்றுவிட்டார். தண்டவாளம் திருத்துகிற கூட்டத்தில் அவருக்கு வேலை. அவருடைய தகப்பனுக்கும் அதே வேலைதான். மச்சான் ஓய்வு பெற்று, மனைவியையும் பறிகொடுத்த பிறகு, ஒரு பையோடு கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

வந்த அன்றே, "மாப்புள, இங்க மேடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நீங்கள் நிக்கிற இடந்தான் மச்சான்" என்றேன். அவர் எங்கள் வாசல்படியில் நின்றிருந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் போட்டி. நான் கைபேசியில் வெளிநாட்டு மலை ரயில்களைப் பார்த்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல்லுப் பல்லாக ஒரு இரும்புச் சட்டம், இஞ்சினுக்கு அடியில் பற்சக்கரம், பல்லோடு பல் கடித்து ஏறும் ரயில்கள் அவை.

"உங்கட ரயில் பல்லில்லாக் கிழவன் மச்சான்."

"பல்லு இல்லாமலே ஏறுனோம்ல? பல்லு இருக்கவன் எவன் வேணாலும் ஏறுவான்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவருடைய மலைப் பாதையில் நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓர் அடி ஏற்றம். காதால் கேட்கையில் சின்னக் கணக்கு. ஆனால் வழுவழுப்பான இரும்பின் மேல் வழுவழுப்பான இரும்பு, அதற்குப் பின்னால் முழு வண்டியின் பாரம். மழை பெய்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். இஞ்சினிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவித்தான் பிடிமானம் கொடுப்பார்கள். நேரே ஏற முடியாத இடத்தில் பாதையை வளைத்தார்கள். தெமோதரையில் ஸ்டேஷனை விட்டுப் புறப்படுகிற வண்டி மலையைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனின் காலடிக் குகைக்குள் நுழையும். அந்த யோசனை கூலியாட்களை மேய்க்கும் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்து வெள்ளைக்கார இஞ்சினியருக்கு வந்தது என்று ஒரு கதை. மச்சான் அதை நம்பினார். நான் நம்பவில்லை. ஆனாலும் யாரும் இல்லாத நேரம் துவாயைத் தலையில் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

இந்தப் பகிடியெல்லாம் அவர் பரந்தன் சந்திக்கு நடக்கத் தொடங்கும் வரைக்கும்தான். அங்கே அவருடைய ஊர்க்காரர் ஒருவர் தேநீர்க்கடை வைத்திருந்தார். மச்சான் வெயில் ஏறியதும் புறப்படுவார், ரோட்டால் அல்ல, தண்டவாளத்தால். நடுவில் சிலிப்பர் கட்டைகளை மிதித்தபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மலையில் எல்லோருக்கும் அதுதான் பாதை. பள்ளிக்கூடம் போவதும் மாப்பிள்ளை ஊர்வலம் போவதும் பிணம் போவதும் தண்டவாளத்தால்தான்.

"ஏத்தத்துல வர்ற வண்டி மூணு வளைவுக்கு முன்னாலயே கத்தும் மாப்புள. ஒரு பீடிய பத்தவச்சு, குடிச்சு முடிச்சுட்டு ஒதுங்கலாம்."

இங்கே வளைவு ஏது, ஏற்றம் ஏது? எங்கள் பழைய தண்டவாளமும் கட்டைகளும் சண்டைக் காலத்தில் பங்கர் என்கிற பதுங்குகுழி கட்டப் போய்விட்டன. இப்போது கிடப்பது புதுப் பாதை. கொங்கிரீட் கட்டை, மூட்டுத் தெரியாமல் ஒட்டிய தண்டவாளம், கயிறு பிடித்தது போல நேர்கோடு. 'தடக் தடக்' என்ற சத்தமே கிடையாது. வண்டி முழு வேகத்தில் வரும், எதிர்க்காற்று என்றால் வந்த பிறகுதான் தெரியும். மாடு போனது, ஆடு போனது.

மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, அண்ணன் லைனால நடக்கிறாராம். பிறந்த வீட்டில எனக்கெண்டு மிச்சம் அவர் ஒராள்தான். நீங்கள்தான் மறிக்கோணும்."

"ஓம், மறிக்கிறன்."

"பகிடி விட்டு மறிக்காதேங்கோ. உண்மையா மறியுங்கோ."

எனக்குப் பகிடியைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நான் கவனமாத்தானே போறேன். வண்டி வந்தா ஒதுங்கி நிக்கிறேனே. நேத்துக் கூட நின்னேன். நல்ல பாரம், மூச்சு வாங்கி வாங்கி ஏறிச்சு" என்றார்.

"எங்க ஏறிச்சு?"

"பரந்தன் பக்கமா."

பரந்தன் பக்கம் ஏற்றம் இல்லை. தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும் நிலம் அது.

மச்சான் மெதுவாகச் சொன்னார். "அந்தக் காலத்துல எங்க ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்து மன்னார்க் கரையில எறங்கி இந்த வன்னிக் காட்டு வழியாத்தான் நடந்தே மலைக்குப் போனாங்க. போய்ச் சேர்ந்தவன் லைன் போட்டான். சேராதவன் இங்கயே படுத்துட்டான். அவனுக்கும் ஏறணும்னு இருக்கும்ல?"



அடுத்த நாள் பகிடியை வீட்டில் விட்டுவிட்டு நானும் கூடவே புறப்பட்டேன். வழியில் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துவிடுவது என்பது என் வீரத் திட்டம். வயல் அறுத்து வெறுமையாய்க் கிடந்தது. தூரத்தில் தண்டவாளம் தண்ணீராய் நெளிந்து வானத்தோடு கலந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கிளிநொச்சிப் பக்கக் கானலுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு, குளத்தில் மிதக்கும் விளக்கு மாதிரி, அசையாமல் நின்றது. கானல் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மச்சான் நின்றார். "ஒதுங்கு மாப்புள. ஏத்த வண்டி."

ஒதுங்கினோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையைச் சற்றுக் குனிந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து போவதைப் பார்ப்பது போல் முகத்தை மெல்லத் திருப்பினார். அவருடைய நெஞ்சு இழுத்து இழுத்து ஏறி இறங்கியது. வயலுக்குள் இருந்த காகங்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல் 'டிக்' என்று அசைந்தது.

"போயிட்டுதோ?" என்றேன்.

"போச்சு."

அப்பாடா என்று சிரித்துக்கொண்டு ஒரு காலைக் கட்டையில் தூக்கி வைத்தேன். பின்னாலிருந்து சட்டைக் கொலரைப் பிடித்து ஒரு இழுவை.

"கால வைக்காத! தள்ளுன இஞ்சின் வரணும்!"

அந்தக் காலத்தில் கடும் ஏற்றத்தில் இன்னொரு இஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகுமாம். உச்சியில் கழற்றிக்கொண்டு அது தனியாகத் திரும்பி இறங்கும், நீராவி இல்லாமல், சத்தம் இல்லாமல். ஏற்ற வண்டி போனதும் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது தகப்பன் கூட்டத்தின் சட்டம். அந்த இஞ்சின்கள் போன பிறகும் சட்டம் மட்டும் மகன் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் நான் சரளைமேல் குந்தியிருந்தேன். என் முகத்துக்கு முன்னால் ஹோன் சத்தமும் காற்றும் இரும்பும் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் ஓரத்தில் நின்றதால் ஓட்டுநர் அதுவரை ஹோன் அடிக்கவில்லை. கானலுக்குள் நின்ற அந்தப் பொட்டுத்தான் நிஜ வண்டியாக வந்திருந்தது.

போன பிறகு பார்த்தால் என்னைவிட மச்சான்தான் ஆடிப்போயிருந்தார். குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தார். தடவிக்கொண்டே கொஞ்சத் தூரம் நடந்தார்.

"மூட்டே இல்ல மாப்புள."

"ஓம் மச்சான்."

"செத்துப்போன வண்டி மூச்சு விடுது. உசிரோட வர்ற வண்டி மூச்சே விடல." கையை வேட்டியில் துடைத்தார். "இதுல இனிமே நான் நடக்க மாட்டேன்."

வயல் வரம்பில் இறங்கி ரோட்டைப் பிடித்தோம்.

வீட்டில் மனைவி கேட்டாள். "மறிச்சனீங்களோ?"

"மறிச்சனான்."

அவள் என்னைத் திருப்பிக் கொலரைப் பார்த்தாள். முதுகு வரை கிழிந்து தொங்கியது. "அவரை நீங்கள் பிடிச்சு இழுத்தால் உங்கட சேட் எப்பிடிக் கிழியும்?"

முற்றத்திலிருந்து மச்சான் குரல் வந்தது. "நல்லா இழுத்தாரு தங்கச்சி. இனி நான் ரோட்டாலதான் போவேன்."

சொன்னபடியே ரோட்டால்தான் போகிறார். துணைக்கு நானும் போகிறேன். சில நாட்களில் வழியில் நின்று தண்டவாளத்தின் பக்கம் திரும்பித் தலையைக் குனிகிறார். நானும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறேன். அவர் "போச்சு" என்ற பிறகும், தள்ளின இஞ்சின் திரும்பிப் போகும் வரைக்கும் நாங்கள் இருவரும் காலை எடுப்பதில்லை.